கடை வாசலில் வங்கி
(இரண்டாமாண்டு இளமறிவியல், கணிதம்)

உப்பு விளையும் ஊர் எங்கள் ஊர். சென்னையிலிருந்து புதுவை நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது வெயிலில் மின்னும் பாத்திகளையும், வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களையும் காணாமல் போக முடியாது. அதே சாலையோரத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக் கருவாடும் கல்லுப்பும் விற்கும் பெண்களையும் பார்த்திருப்பார்கள். இன்று அந்தக் கொட்டகைகளில் தராசுக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட ஓர் அட்டை தொங்குகிறது. வாங்குகிறவர் கைபேசியை அதன் எதிரே நீட்டுகிறார். அடுத்த நொடி, மேடையில் இருக்கும் சிறு பெட்டி இத்தனை ரூபாய் வந்து சேர்ந்தது என்று அழகு தமிழில் அறிவிக்கிறது.

இது விஞ்ஞானம் தந்த வளர்ச்சி. இதில் பெருமைப்படுவதற்கு நிறைய உண்டு. நானும் பெருமைப்பட்டதுண்டு. ஆனால் அட்டையை மாட்டிவிட்டுப் போவதோடு ஒரு வங்கியின் கடமை முடிந்துவிடுகிறதா? அந்தப் பெட்டி பேசுவது ஒருநாள் பொய்யாகப் போனால், வியாபாரி யாரிடம் போய்ப் பேசுவது? இந்தக் கேள்வியைத்தான் நம் பேராசிரியர்கள் முன்பும், மாணவ நண்பர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

முகம் பார்த்து நடந்த வாணிபம்

உமணர் என்று அழைக்கப்பட்ட உப்பு வணிகர்கள் மாட்டு வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்று, நெல்லுக்கு மாற்றி வந்த செய்தியைச் சங்க இலக்கியம் நமக்குச் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆக, கொடுக்கல் வாங்கல் எங்கள் கடற்கரைக்குப் புதிதல்ல. நெல்லாகட்டும், நாணயமாகட்டும், கடன் நோட்டாகட்டும், எல்லாமே எதிரே நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்த்து நடந்தவை. அளவில் குறை என்றால் அங்கேயே கேட்கலாம். கணக்கில் பிழை என்றால் நோட்டைப் பிரித்துக் காட்டலாம்.

பிறகு வங்கிகள் வந்தன. 1969ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. நகரத்துப் பெருமுதலாளிகளின் பெட்டகமாக இருந்த வங்கி, உழவரையும் சிறு வணிகரையும் தேடிக் கிராமத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்படிக் கிராமத்துக்கு வந்த வங்கி ஆட்களோடு வந்தது. ஒரு மேலாளர் இருந்தார். ஒரு காசாளர் இருந்தார். சலான் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கும் ஊழியர் ஒருவர் இருந்தார். கோபம் வந்தால் சண்டை போடுவதற்கு ஒரு மேசையாவது இருந்தது.

இன்று வந்திருப்பது வேறு வகை வங்கி. 2008இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடா கழகம், 2016 ஏப்ரல் 11 அன்று யு.பி.ஐ. என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, கையில் சில்லறை இல்லாத நாடு கைபேசியைத் தேடி ஓடியது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடிப் பரிமாற்றங்கள் இந்த முறையில் நடந்தன. எங்கள் ஊர்க் கொட்டகைகளில் விற்ற கால் கிலோ நெத்திலியும் அந்த எண்ணிக்கையில் அடங்கும்.

அட்டைக்குப் பின்னால் நடப்பது என்ன?

அட்டையில் இருக்கும் கட்டம் ஒரு விலாசம்தான். இந்தக் கடையின் பணம் எந்தக் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கைபேசிக்குப் புரியும் மொழியில் அது சொல்கிறது. வாங்குகிறவர் தம் ரகசிய எண்ணை அழுத்தியதும் அவருடைய செயலி செய்தியை அனுப்புகிறது. நடுவில் இருக்கும் கழகத்தின் கணினி அதை வாங்குகிறவரின் வங்கிக்கும் விற்கிறவரின் வங்கிக்கும் கொண்டு செல்கிறது. முதல் வங்கி பணத்தைக் கழிக்கிறது; இரண்டாவது வங்கி வரவு வைக்கிறது. இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. வங்கிகள் தங்களுக்குள் ஒன்றுக்கொன்று தர வேண்டியதை நாளொன்றுக்குப் பல தவணைகளாகப் பிறகு நேர் செய்துகொள்கின்றன.

இந்தச் சங்கிலியில் வியாபாரியின் வங்கிக்குப் பல வேலைகள் உண்டு. கடைக்காரர் இன்னார் என்று உறுதி செய்ய வேண்டும். அட்டை தர வேண்டும். வரவைத் தவறாமல் சேர்க்க வேண்டும். மோசடி நடக்காமல் கவனிக்க வேண்டும். புகார் வந்தால் விசாரிக்க வேண்டும். முதல் மூன்றும் எங்கள் ஊரில் ஒழுங்காகவே நடக்கின்றன. பின்னிரண்டில்தான் குறை.

நன்மையை மறைப்பது நேர்மையாகாது

என் தாயார் தை மாதம் தொடங்கிப் புரட்டாசி வரை உப்பளத்தில் கூலி வேலை செய்கிறார். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் சாலையோரத்தில் கருவாடு விற்கிறார். மழைக் காலத்தில் அளத்தில் வேலை கிடையாது; கடைதான் சோறு போடும். அட்டை வருவதற்கு முன்பு, காரில் வருகிற பயணிகள் 500 ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். சில்லறை இல்லையென்றால் பேசி முடித்த கருவாட்டை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தொல்லை ஒழிந்தது.

இன்னொரு நன்மை இதைவிடப் பெரியது. முந்தானையில் முடிந்த காசு வீட்டுக்கு வருவதற்குள் பல கைகளுக்குப் போய்விடும். கணக்கில் விழுந்த காசு அங்கேயே நின்றது. என் தாயார் வாழ்க்கையில் முதன்முறையாகப் பத்தாயிரம் ரூபாயைச் சேர்த்துப் பார்த்தது அந்த அட்டை வந்த பிறகுதான். ஆகவே பழைய காலத்துக்குத் திரும்புவோம் என்று நான் வாதிட வரவில்லை.

நாற்பத்தொரு நாள்

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரில் வந்த நால்வர் வாளைக் கருவாடும் சுறாக் கருவாடும் சேர்த்து 1,450 ரூபாய்க்கு வாங்கினார்கள். பெட்டி தொகையைச் சொன்னது. என் தாயாரும் நல்ல வியாபாரம் என்று மகிழ்ந்தார். பன்னிரண்டு நாள் கழித்து, மகளிர் குழுத் தவணைக்காகப் பணம் எடுக்கப் போனபோது பணம் வரவில்லை. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். அதில் இருந்தது 23,600 ரூபாய். அளத்துக் கூலியும், கடை வருமானமும், எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வைத்திருந்ததும் எல்லாம் அதில் அடக்கம்.

ஏன் முடக்கினார்கள் என்று கேட்டோம். வேறு மாநிலத்தில் யாரோ மோசடியில் பணத்தை இழந்திருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறது. அந்த ஊர்க் காவல் நிலையத்தில் போய்க் கேளுங்கள் என்றார்கள். திண்டிவனத்தைத் தாண்டி அதிகம் போயிராத ஒரு பெண், மொழி தெரியாத மாநிலத்துக்கு எப்படிப் போவார்?

"நாம என்ன கண்ணு திருடுனோம்? மீனைக் குடுத்தேன், காசு வாங்குனேன்" என்று வங்கி வாசற்படியில் உட்கார்ந்து என் தாயார் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கணிதம் படிக்கும் எனக்கு அன்று ஒரு மனு எழுதக்கூடத் தெரியவில்லை.

அந்த வங்கி ஊழியரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருக்கு எதிரே எப்போதும் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் முறை போனபோது, அவரே இரக்கப்பட்டுப் புகார் எண்ணையும் காவல் நிலையத்தின் மின்னஞ்சல் முகவரியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். நம் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவர் கடிதம் எழுத உதவினார். கடையின் படம், அட்டையின் படம், அன்றைய வரவு விவரம் எல்லாவற்றையும் அனுப்பினோம். இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகு பதில் வந்தது. 1,450 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு கணக்கைத் திறந்துவிட்டார்கள். அதற்குள் நாற்பத்தொரு நாள் கழிந்துவிட்டது. இடையில் குழுத் தவணைக்கும் சாப்பாட்டுக்கும் 5,000 ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தோம். மாதம் நூற்றுக்குப் பத்து. நாற்பத்தொரு நாளுக்கு இரண்டு மாத வட்டி என்று 1,000 ரூபாய் கொடுத்தோம்.

கல்லாவைப் பூட்டலாமா?

எதிர்த்தரப்பு நியாயத்தையும் பார்க்க வேண்டும். மோசடியில் பணத்தை இழந்தவரும் நம்மைப் போன்றவர்தான். ஓய்வூதியத்தைப் பறிகொடுத்த முதியவராகக்கூட இருக்கலாம். திருடர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் சில நிமிடங்களில் மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் 2021இல் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. இன்று 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொன்னால், பணம் போன வழியெல்லாம் உள்ள வங்கிகளுக்குச் செய்தி போகிறது. வங்கிகள் பணத்தை நிறுத்தி வைக்கின்றன. விரைவாக நிறுத்தாவிட்டால் பணம் கிடைக்காது. இந்த ஏற்பாடு வேண்டியதே.

ஆனால் திருடன் அந்தப் பணத்தில் கருவாடும் வாங்குகிறான், பெட்ரோலும் போடுகிறான், டீயும் குடிக்கிறான். அந்தக் கடைகளின் கணக்குகளும் சங்கிலியில் சேர்ந்துவிடுகின்றன. கல்லாவில் ஒரு கள்ள நோட்டு இருந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொள்வார்கள். கல்லாவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோக மாட்டார்கள். மின்னணுப் பணத்தில் மட்டும் ஏன் இந்த வேறுபாடு?

இதைக் கேட்பது நான் மட்டுமல்ல. 2023இல் கேரள உயர் நீதிமன்றமும், 2024இல் நம் சென்னை உயர் நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளைக் கண்டன. முழுக் கணக்கையும் முடக்காமல், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்பதே அத்தீர்ப்புகளின் சாரம். நீதிமன்றம் போக வசதி உள்ளவருக்குக் கிடைத்த இந்த நீதி, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தானாகவே கிடைக்க வேண்டாமா?

இலவசத்தின் விலை

ஏன் வங்கி ஓர் ஆளைத் தரவில்லை என்று யோசித்தேன். விடை ஒரு சிறு கணக்கில் இருக்கிறது.

கடைகளில் கார்டு தேய்க்கும்போது வங்கிகள் வியாபாரியிடம் ஒரு கழிவு பிடிப்பது வழக்கம். 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் அந்தக் கழிவு கிடையாது என்று அரசு விலக்களித்தது. ஏழை வியாபாரிக்கு இது நன்மையே. வங்கிகளின் செலவை ஓரளவு ஈடுகட்ட அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சிறு வியாபாரியிடம் நடக்கும், 2,000 ரூபாய்க்கு மேற்படாத பரிமாற்றத்துக்கு நூற்றுக்கு 15 காசு என்பது அவ்வாண்டின் விகிதம்.

என் தாயாரின் கடையில் அட்டை வழியாக நாளொன்றுக்கு 800 ரூபாய் வருகிறது என்று கொள்வோம். நூற்றுக்கு 15 காசு வீதம் அது 1 ரூபாய் 20 காசு. மாதத்துக்கு 36 ரூபாய். அதையும் வியாபாரியின் வங்கி, வாங்கியவரின் வங்கி, செயலி நடத்தும் நிறுவனம் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் காசுக்கு யார் ஆள் வைப்பார்கள்? பேசும் பெட்டிக்கு மட்டும் மாத வாடகை கேட்கிறார்கள். அது கணக்கிலிருந்து தவறாமல் கழிந்துவிடுகிறது. இலவசம் என்ற பெயரில் கட்டணம் போனது. கூடவே பொறுப்பும் போய்விட்டது.

இடர் வருவது மோசடியால் மட்டுமல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரமும் போயிற்று, கைபேசிக் கோபுரமும் ஊமையாயிற்று. அட்டை வெறும் அட்டையாகத் தொங்கியது. 2025 ஏப்ரல் 12 அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் நாடு முழுவதும் யு.பி.ஐ. தடைப்பட்டது. அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது பழைய கடன் நோட்டும், முகம் தெரிந்த நம்பிக்கையும்தான்.

செய்ய வேண்டியவை

குறை சொல்வது எளிது. வழியும் சொல்ல வேண்டுமல்லவா? என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கூறுகிறேன்.

முதலாவதாக, நீதிமன்றங்கள் சொன்னபடி, புகாருக்கு உரிய தொகையை மட்டும் நிறுத்துவதை எல்லா வங்கிகளும் நடைமுறையாக்க வேண்டும். கடைக்கென்று அட்டை வழங்கிய கணக்கில் இதை முக்கியமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

இரண்டாவதாக, நிறுத்திய அன்றே வியாபாரிக்குத் தமிழில் செய்தி வர வேண்டும். எவ்வளவு தொகை, எந்தப் புகார் எண், எந்தக் காவல் நிலையம், என்ன ஆவணம் தர வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். பத்து ரூபாய் வந்ததைத் தமிழில் சொல்லத் தெரிந்த பெட்டிக்கு, கணக்கு முடங்கியதைத் தமிழில் சொல்லத் தெரியாதா?

மூன்றாவதாக, வாரத்தில் ஒரு நாளாவது சிறு வியாபாரிகளுக்கென ஒரு மேசை வேண்டும். வங்கிகள் ஊர்களில் முகவர்களை வைத்துக்கொள்ள 2006ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி வழி திறந்துவிட்டது. அந்த முகவர்கள் பணம் போடவும் எடுக்கவும் உதவுகிறார்கள்; புகார் எழுதவும் உதவலாம். அரசு தரும் ஊக்கத்தொகையில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கினால், எங்களைப் போன்ற ஊர்களில் படித்த இளைஞர் சிலருக்கு வேலையும் கிடைக்கும்.

வியாபாரிகளும் சில விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கியவர் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராமற்போனால், ஐந்து நாட்களுக்குள் அப்பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாட்களில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கடைக்கு ஒரு கணக்கும் சேமிப்புக்கு வேறொரு கணக்கும் வைத்துக்கொள்வது நல்லது. வாங்குகிறவர் காட்டும் கைபேசித் திரையை நம்பாமல், நம் பக்கம் வரவு வந்ததைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும்.

நம் கடமை

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் தாய் தந்தையர் கையில் கைபேசி இருக்கிறது. அதில் வருகிற ஆங்கிலச் செய்தியைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். அவர்கள் கடையிலும் கணக்கிலும் நடப்பதைப் புரிந்துகொள்ளாமல் பட்டம் மட்டும் வாங்கிச் சுவரில் மாட்டினால் அந்தப் பட்டத்தால் யாருக்கு என்ன பயன்?

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தினர் ஆண்டுதோறும் கிராமங்களில் முகாம் நடத்துகிறோம். மரம் நடுகிறோம், கோயில் குளத்தைத் தூர் வாருகிறோம். அடுத்த முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாமே! வணிகவியல் துறையும் கணிதத் துறையும் ஆங்கிலத் துறையும் சேர்ந்தால், ஒரு மாதிரி மனுவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்துவிடலாம். எனக்கு ஒரு பேராசிரியர் கிடைத்தார். எல்லாக் கடைக்காரர் வீட்டிலும் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருப்பதில்லை.

கணக்கு முடங்கிய அன்று என் தாயார் அட்டையைக் கழற்றிக் கூடைக்கு அடியில் வைத்துவிட்டார். மாதக் கணக்கில் காசு மட்டுமே வாங்கினார். வியாபாரம் குறைந்தது. எத்தனையோ சமாதானம் சொன்ன பிறகு, இந்தத் தை மாதத்தில்தான் மீண்டும் மாட்ட ஒப்புக்கொண்டார். இப்போது வாரம் ஒரு முறை கடைக் கணக்கிலிருந்து வேறு கணக்குக்குப் பணத்தை மாற்றிவிடுகிறோம். பெட்டி பேசும்போதெல்லாம் முன்போல் அவர் முகம் மலர்வதில்லை. வந்தவரை ஒருமுறை உற்றுப் பார்க்கிறார்.

அந்தச் சந்தேகம் ஒரு கருவாட்டுக்காரியின் அறியாமையன்று. சேவை என்ற பெயரில் அட்டையை மட்டும் கொடுத்துச் சென்ற வங்கிகள் அவரிடம் பட்டிருக்கும் கடன் அது. அந்தக் கடனை வங்கிகள் தீர்க்க வேண்டும். தீர்க்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பது படித்த நம்முடைய கடமை.